முதல் நாள் பார்ப்பதற்கு மட்டும்

கேள்வி: எனக்கு 51 வயது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து 29 வருடங்களாகத் தாராவியில் குடியிருக்கிறேன். வீட்டிலேயே இட்லி அவித்துக் கொடுப்பது எங்கள் தொழில். 16 வருடங்களுக்கு முன் இடது பக்கக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கியபோது ஊசி போட்டும் உயிர் போகிற வலி. கையைத் தட்டிவிட்டேன் என்று அந்த டாக்டர் இந்தியில் சத்தம் போட்டார். அதோடு எந்தப் பல் டாக்டரிடமும் நான் போகவில்லை. இப்போது பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. கீழே முன்பற்கள் ஆடுகின்றன. வலது பக்கம் ஒரு கடைவாய்ப்பல் பாதி உடைந்து நிற்கிறது. இரண்டு வருடத்துக்கு முன் அது ராத்திரியெல்லாம் வலித்தது, பிறகு தானாகவே நின்றுவிட்டது. வாய் நாற்றத்துக்குப் பயந்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுகிறேன். சர்க்கரைக்கும் பி.பி.க்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். தை மாதம் மகனுக்குக் கல்யாணம். டாக்டரிடம் போனால் எல்லாப் பல்லையும் பிடுங்கிவிடுவாரா? சுத்தம் செய்தால் பல் ஆட்டம் கொடுத்துவிடும் என்கிறார்களே, உண்மையா? இந்த வாயை ஒருவரிடம் எப்படிக் காட்டுவது? (பக்கத்து வீட்டு அக்கா பழக்கிவிட்டதில், காலையில் மிஷ்ரி தேய்க்கிற பழக்கமும் உண்டு.)
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தாராவி, மும்பை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாகக் கேட்டிருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இந்த வாயை ஒருவரிடம் எப்படிக் காட்டுவது என்ற தயக்கம் தீராதவரை, மற்றக் கேள்விகளுக்கு நான் எத்தனை விளக்கம் எழுதினாலும் நீங்கள் மருத்துவமனைப் படி ஏறப் போவதில்லை. மாட்டுங்காவில் 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பல் மருத்துவம் பார்த்துவருகிறேன். நீண்ட காலம் கழித்து வருகிறவர்களில் பெரும்பாலோர் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் தங்கள் வலியைச் சொல்வதில்லை, மன்னிப்புத்தான் கேட்கிறார்கள். கேட்கவே தேவையில்லாத மன்னிப்பு அது. ஆடும் பற்களும், உடைந்த பல்லும், காறை படிந்த ஈறும் நாங்கள் அன்றாடம் பார்க்கிறவை. உங்கள் வாயைப் பார்த்து அதிர்ச்சி அடையும் பல் மருத்துவர் இருக்க முடியாது.

கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், கன்னம் வீங்கி வந்த ஒரு பெரியவரிடம் "இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?" என்று நானும் கேட்டிருக்கிறேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த வாரம் வரச் சொல்லியிருந்தேன், வரவே இல்லை. அவருடைய எக்ஸ்ரே படம் வெகுநாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. அன்று நான் கேட்டது கேள்வியே அல்ல, தண்டனை என்பது எனக்கு விளங்கியபோது, அதைச் சரிசெய்ய அவர் எதிரில் இல்லை. ஆகவே 16 ஆண்டுகளுக்கு முன் உங்களிடம் சத்தம் போட்ட மருத்துவருக்காகவும் சேர்த்து நான் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். நீங்கள் பயந்ததில் தவறில்லை.

அன்று ஊசி போட்டும் ஏன் வலித்தது என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். மரத்துப்போவதற்காக நாங்கள் போடும் லிக்னோகெயின், நரம்பின் உறையைக் கடந்து உள்ளே போனால்தான் வேலை செய்யும். பல்லைச் சுற்றிச் சீழ் கோத்து வீங்கியிருக்கும்போது அந்த இடத்துச் சதையில் அமிலத்தன்மை கூடியிருக்கும். அந்த நிலையில் மருந்தின் பெரும்பகுதி நரம்புக்குள் நுழைய முடியாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. உதடு மரத்துப்போனதுபோல இருந்தாலும் பல் மட்டும் விழித்துக்கொண்டே இருப்பதற்கு இது ஒரு காரணம். இதற்கு வழிகள் உண்டு: சற்றுத் தள்ளி, நரம்பு வரும் பாதையிலேயே ஊசி போடலாம், இன்னொரு ஊசி சேர்த்துப் போடலாம், அவசரமில்லை என்றால் வீக்கத்தை வடியவிட்டுச் சில நாள் கழித்துப் பல்லை எடுக்கலாம். இவற்றில் எதைச் செய்வதென்றாலும், மரத்துப்போகவில்லை என்பது மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும். நீங்கள் கையைத் தட்டிவிட்டது அதைச் சொல்வதற்காகத்தான், உங்களுக்கு அப்போது கைவசம் வேறு மொழி இருக்கவில்லை.

மும்பையில் வாழும் நம் பெண்களிடம் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். காய்கறிக்காரரிடமும் ரேஷன் கடையிலும் சரளமாக இந்தி பேசுகிறவர்கள், வலியைச் சொல்ல வரும்போது வார்த்தையில்லாமல் நிற்கிறார்கள். பல்லைப் பொறுத்தவரை எந்த மாதிரி வலி என்பதே பாதி நோய்க்கணிப்பு. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுருக்கென்று கூசி உடனே அடங்கினால் அது ஒன்று. கூச்சம் அடங்காமல் நீண்டு, படுத்தால் விண்விண் என்று தெறித்தால் பல்லுக்குள் இருக்கும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. கடித்தால் மட்டும் குத்தினால் பல்லில் கீறலோ வேரின் நுனியில் சீழோ இருக்கலாம். இதைத் தமிழில் சொல்ல முடிந்தால் நல்லது. தாராவி, சயான், மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் தமிழ் பேசும் பல் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் நான்கு வாக்கியங்களை மனத்தில் வைத்துக்கொண்டு போங்கள். கூச்சத்துக்கு 'டண்டா-கரம் லக்தா ஹை', பல் ஆடுவதற்கு 'தாந்த் ஹில்தா ஹை', ஈறில் ரத்தம் வருவதற்கு 'மசூடே ஸே கூன் ஆதா ஹை', மரத்துப்போகவில்லை என்பதற்கு 'சுன்ன் நஹீ ஹுவா'. அந்த நான்காவதைச் சொல்லிவிட்டு இடது கையை உயர்த்துங்கள். கையை உயர்த்தினால் வேலையை நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளலாம். எங்களில் பலர் நாங்களாகவே அப்படிச் சொல்லித்தான் தொடங்குகிறோம்.

இனி, வலி நின்றுபோன அந்த வலது கடைவாய்ப்பல். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். இரவெல்லாம் வலித்த பல் மருந்தில்லாமல் ஓய்ந்துவிட்டது என்றால், அநேகமாக உள்ளிருந்த நரம்பும் ரத்தக் குழாயும் செத்துவிட்டன என்று பொருள். வலியைச் சொல்ல ஆள் இல்லாமல் போயிற்றே ஒழிய, கிருமிகள் வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் தங்கியிருக்கும். அது ஆண்டுக்கணக்கில் அமைதியாகவும் இருக்கலாம், ஒரே இரவில் முகத்தை வீங்க வைக்கவும் செய்யலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு அப்படி வீங்கினால் வேகமாகப் பரவும். மிச்சமிருக்கும் பல்லின் அளவையும் வேரின் நிலையையும் எக்ஸ்ரேயில் பார்த்த பிறகுதான் ரூட் கேனால் செய்து உறை போட்டுக் காப்பாற்றலாமா, எடுத்துவிடுவது நல்லதா என்று சொல்ல முடியும். இதற்கிடையில் தாடைக்குக் கீழே வீங்கி, காய்ச்சலும் வந்து, வாயைத் திறக்கவோ எச்சில் விழுங்கவோ சிரமம் ஏற்பட்டால், அந்த நேரத்தில் பல் கிளினிக்கைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். இரவானாலும் பகலானாலும் சயான் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக்கும் வலி மாத்திரையும் வீக்கத்தைச் சில நாள் அமுக்கி வைக்குமே தவிர, செத்த பல்லுக்குள் அவை போய்ச் சேருவதே இல்லை. வலிக்கிற இடத்தில் ஆஸ்பிரின் மாத்திரையை வைத்து அடக்கிக்கொள்வதும் கூடாது, ஈறு வெந்துவிடும்.

சுத்தம் செய்தால் பல் ஆட்டம் கொடுக்கும் என்று உங்களிடம் சொன்னவர்கள் கண்ணால் கண்டதைத்தான் சொல்லியிருப்பார்கள், காரணத்தைத்தான் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நாக்கின் நுனியால் கீழ் முன்பற்களின் உட்புறத்தைத் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருக்க வேண்டிய இடத்தில் சொரசொரப்பான ஒரு சுவர் தட்டுப்படும். நாக்குக்கு அடியில் எச்சில் ஊறும் துளைகள் அந்தப் பற்களுக்கு மிக அருகில் இருக்கின்றன. எச்சிலில் உள்ள சுண்ணச் சத்து, பல்லில் ஒட்டியிருக்கும் அழுக்கின் மேல் நாள்தோறும் படிந்து இறுகிக் கல்லாகிவிடுகிறது. காறை என்பது இதுதான். உங்கள் ஊர்ப் பக்கம் உப்புத் தண்ணீர் கொதித்துக் கொதித்துப் பானையின் உட்புறம் வெள்ளையாகப் படியுமே, அதே வேலைதான். அந்தக் கல் ஈறுக்கு அடியில் இறங்க இறங்க, அதிலிருக்கும் கிருமிகளை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்தில் பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பல் ஆடுவது அந்த எலும்பு போனதால். ஆனால் காறை பற்களுக்கு நடுவில் அடைத்துக்கொண்டு, ஒன்றை ஒன்று தாங்குவதுபோல ஒரு பொய்ப் பிடிப்பைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. ஸ்கேலிங் செய்து அதை எடுத்ததும் இடைவெளி தெரிகிறது, ஏற்கெனவே இருந்த ஆட்டம் வெளிப்படுகிறது, சில நாள் பல் கூசுகிறது; பழி சுத்தம் செய்ததன் மேல் விழுகிறது.

உண்மையில் அதற்குப் பின் நடப்பது வேறு. ஈறின் வீக்கம் வடிந்து அது இறுகும்போது, லேசாக ஆடிக்கொண்டிருந்த பற்கள் பல நேரம் முன்னைவிட நிலைக்கின்றன. ஈறுக்கு அடியில் ஆழமாகப் போயிருக்கும் காறையை, மரத்துப்போக ஊசி போட்டு, ஒரே நாளில் இல்லாமல் இரண்டு மூன்று வருகைகளில் எடுப்பார்கள். சில வாரங்கள் கழித்து மறுபடியும் அளந்து பார்ப்பார்கள். அதன் பிறகும் முன்பற்கள் ஆடினால், அவற்றை உட்புறமாக மெல்லிய இழையால் சேர்த்து ஒட்டி நிறுத்தி வைக்க முடியும். போன எலும்பு முழுவதும் திரும்பி வராது என்பதையும் நான் மறைக்கக் கூடாது. மேற்கொண்டு போகாமல் நிறுத்தலாம், அதுவே பெரிய காரியம். எல்லாப் பல்லையும் பிடுங்கிவிடுவாரா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடுங்கச் சொல்கிற மருத்துவர், எந்தப் பல்லை எதற்காக என்று எக்ஸ்ரேயில் விரல் வைத்துக் காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் இன்னொரு மருத்துவரிடம் கேட்ட பிறகு முடிவு செய்யலாம்.

ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் படாமல் தவிர்த்துத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் செய்வது அதைத்தான், அதனால்தான் அந்த இடம் இன்னும் மோசமாகிறது. மிருதுவான பிரஷ்ஷை ஈறும் பல்லும் சேரும் கோட்டில் சாய்த்து வைத்து, அழுத்தாமல், அந்த இடத்தையும் தேயுங்கள். இரவு படுக்கும் முன் தேய்ப்பதை மட்டும் விடாதீர்கள். அதிகாலை மூன்று மணிக்கே அடுப்பு மூட்டும் வீடுகளில் காலைத் தேய்ப்பு அவசரத்தில் நடப்பது எனக்குத் தெரியும்.

சர்க்கரைக்கும் ஈறுக்கும் உள்ள உறவு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் ஈறு நோய் வேகமாக முற்றும். ஈறில் தீராத அழற்சி இருந்தால் சர்க்கரை கட்டுக்குள் வர மறுக்கும். ஈறுக்குச் சிகிச்சை செய்த பிறகு மூன்று மாதச் சராசரியான ஹெச்.பி.ஏ.1.சி. அளவு சற்று இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எனவே அண்மையில் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தால் கையோடு கொண்டுபோங்கள். உங்கள் பி.பி. மாத்திரை அட்டையின் பின்புறம் பெயரைப் பாருங்கள். அம்லோடிபின் என்று இருந்தால், சிலருக்கு அந்த மருந்தாலேயே ஈறு தடித்து வளரும், அழுக்கு சேர்ந்த வாயில் இன்னும் கூடுதலாக வளரும். அப்படி இருந்தாலும் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். பல் மருத்துவர் கவனித்துச் சொன்னால், மாத்திரை எழுதித் தந்த மருத்துவரே மாற்றிக் கொடுப்பார். ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரையோ, எலும்புத் தேய்மானத்துக்கான மாத்திரையோ சாப்பிட்டால், பல் எடுக்கும் முன் அதை அவசியம் சொல்லுங்கள். அவற்றையும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

மிஷ்ரி பழக்கத்தை அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கிறீர்கள். அதை எழுதியதற்காக உங்களுக்கு நன்றி சொல்கிறேன், ஏனென்றால் பல்லைவிடப் பெரிய விஷயம் அது. மிஷ்ரி என்பது கருக வறுத்துப் பொடித்த புகையிலை. பற்பொடி என்ற பெயரில் அது மகாராஷ்டிரத்துப் பெண்களின் வாய்க்குள் தலைமுறைகளாகப் போய்க்கொண்டிருக்கிறது. தேய்க்கும் இடத்தில் ஈறு கீழிறங்கும், தசை வெளுக்கும், வெளுத்த தசை சிலருக்குப் புற்றாகவும் மாறும். பரேலில் டாட்டா மெமோரியல் மருத்துவமனையின் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்த எவருக்கும் நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கே கண்ணாடி முன் நின்று கன்னத்தை இழுத்துப் பாருங்கள்: துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், தொட்டால் கெட்டியாக இருக்கும் இடம் ஏதேனும் உண்டா? மூன்று விரல்களை நெடுக்காகச் சேர்த்து மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நுழைத்துப் பாருங்கள், நுழைகிறதா? இவற்றில் எதிலாவது சந்தேகம் இருந்தால் முதல் நாளே அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள். எதுவும் தெரியாவிட்டாலும் மருத்துவர் நாக்கின் ஓரங்களையும் கன்னத்தின் உட்புறத்தையும் தடவிப் பார்க்க வேண்டும்; பார்க்காவிட்டால் பார்க்கச் சொல்லுங்கள். விட முயலும்போது தடுமாற்றம் வரும். புகையிலையை விட உதவும் தேசிய இலவசத் தொலைபேசி எண் 1800 11 2356, பேசிப் பாருங்கள்.

உங்களைப் போலப் பயந்திருப்பவர்களிடம் நான் ஒரு முறையைச் சொல்வது வழக்கம். முதல் நாளை முழுவதும் பார்ப்பதற்கு மட்டும் என்று ஒதுக்குங்கள். உள்ளே போனதும், "16 ஆண்டுகள் கழித்து வருகிறேன், எனக்குப் பயம் இருக்கிறது, இன்று பார்த்து மட்டும் சொல்லுங்கள், வேலை எதுவும் வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். அப்படிக் கேட்பது உங்கள் உரிமை. சிறிய கண்ணாடி ஒன்றும், மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பி ஒன்றும் எடுப்பார்கள். அந்தக் கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக இறக்கி, பல் பல்லாக எண்களை வாய்விட்டுச் சொல்லி எழுதிக்கொள்வார்கள். மூன்று வரை நலம். நான்கு ஐந்து என்றால் சிகிச்சை தேவை. அதற்கு மேல் போனால் எலும்பு கணிசமாகக் கரைந்திருக்கக்கூடும். அந்த எண்களைக் கவனித்துக் கேளுங்கள், உங்கள் வாய் உங்களுக்கே புரியத் தொடங்கும். பிறகு எக்ஸ்ரே. எல்லாம் முடிந்ததும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதை இந்த வாரமே செய்தாக வேண்டும், எது மூன்று மாதம் பொறுக்கும், எதைத் தொடாமலே விடலாம். பதிலையும் செலவையும் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

தனியார் கிளினிக் செலவு கட்டுப்படியாகாது என்றால், மாஹிம் ஸ்டேஷனில் ஸ்லோ லோக்கல் ஏறி மும்பை சென்ட்ரலில் இறங்கினால், நடக்கும் தூரத்தில் மாநகராட்சி நடத்தும் நாயர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சயான் பக்கமிருந்து போகிறவர்களுக்கு, சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்தின் அருகில் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனை வளாகத்தில் இருக்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரி வசதி. காலையிலேயே போய்க் கேஸ் பேப்பர் (நோயாளிப் பதிவுச் சீட்டு) எடுக்க வேண்டும். ஆசிரியர்களின் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வார்கள், நேரம் அதிகமாகும், பல முறை போக வேண்டியிருக்கும். வேலை கவனமாகவே நடக்கும், செலவும் தனியாரைவிட வெகு குறைவு.

கல்யாணத்துக்குள் பல் கட்டிவிட வேண்டும் என்ற அவசரத்தில், பட்டம் இல்லாமல் ஒரே நாளில் பல் கட்டித் தருகிறவர்களிடம் மட்டும் போய்விடாதீர்கள். கழற்ற முடியாதபடி பக்கத்துப் பற்களோடு பிளாஸ்டிக் பசையால் ஒட்டிவிடுவார்கள். அதற்கு அடியில் உணவு தங்கி அழுகி, நன்றாக இருந்த பற்களையும் இழந்து வந்தவர்களுக்கு நான் சிகிச்சை செய்திருக்கிறேன். அவசரப்பட அவசியமும் இல்லை. இது ஆவணி, தைக்கு ஐந்து மாதம் இருக்கிறது. இந்த மாதம் பரிசோதனையும் உடைந்த பல்லுக்கான முடிவும், அடுத்த மாதம் ஈறுச் சிகிச்சை, தீபாவளிக்குப் பிறகு மறு அளவு, அதற்குப் பின் வெற்றிடத்துக்குப் பல் கட்டுவது என்று போனால், கார்த்திகை, மார்கழிக்குள் வேலை முடியும். வாய் நாற்றமும் காறையோடும் சீழோடும் பெரும்பாலும் போய்விடும். கணபதி முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் நவராத்திரி வரும், தீபாவளிப் பலகாரத்துக்கு மாவரைக்கும் வேலை வரும், இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

உங்கள் வேலைக்கு ஏற்ற நேரம் காலை 11 மணி. இட்லி விற்று முடித்து, வயிறாரச் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் பி.பி. மாத்திரையும் வழக்கம்போலப் போட்டுக்கொண்டு போங்கள். வெறும் வயிற்றோடு போக வேண்டாம். மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். எக்ஸ்ரே எடுத்த பிறகு, அந்த வலது கடைவாய்ப்பல்லைக் காப்பாற்றுவதா எடுப்பதா என்ற முடிவை மருத்துவர் உங்களிடமே விட்டு, உங்களால் தீர்மானிக்க முடியாமல் போனால், படத்தையும் அவர் எழுதித் தந்த தாளையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு என் கருத்தை எழுதுகிறேன்.